டிஜிட்டல் காட்சிக்கு ஃபிலிம் தோற்றம்: தேர்வர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

சென்னை தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கோ புனே, கொல்கத்தா நிறுவனங்களுக்கோ தயாராகிறவர்கள் படிக்க வேண்டியவை:

● தமிழில் டிஜிட்டல் கேமராவில் எடுத்த முன்னோடிப் படங்கள்: பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' (2004), சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005).

● அந்நாளில் டிஜிட்டலில் எடுத்தாலும், ஃபிலிம் புரொஜெக்டர் உள்ள தியேட்டருக்கு ஃபிலிமில் பதித்துத்தான் பிரிண்ட் போட வேண்டும். பாதித் தோற்றத்தை அந்தப் பிரிண்ட்டே கொடுத்துவிடும். இன்று பெரும்பாலும் பிரிண்ட் இல்லை. அது செய்த வேலையை டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) அறையில் கலரிஸ்ட் செய்கிறார். இந்தத் தலைப்பில் வரும் எல்லாக் கேள்விக்கும் அடிப்படை இதுதான்.

● வேகம்: ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம். நம் பழைய டிவி முறை நொடிக்கு 25 பிரேம், 50 ஃபீல்டு; 'வீடியோ மாதிரி இருக்கிறது' என்று சொல்ல வைத்தது பெரும்பாலும் இந்த 50 ஃபீல்டு அசைவே. 24 பிரேமில் 180 டிகிரி ஷட்டர் என்றால் 1/48 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி துடிக்காமலிருக்க 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி வைப்பார்கள். இது படப்பிடிப்பிலேயே முடிய வேண்டிய வேலை.

● ஒளி வளைவு (ஃபிலிமில் படும் ஒளிக்கும் அதில் ஏறும் அடர்த்திக்கும் உள்ள உறவு): ஹர்ட்டர், டிரிஃபீல்டு இருவரும் 1890-இல் வெளியிட்டது. இருள் பகுதியில் 'கால்விரல்', வெளிச்சப் பகுதியில் 'தோள்' என இரு முனையிலும் வளைவு சாய்கிறது. தோள் இருப்பதால்தான் ஃபிலிமில் வானமும் விளக்கும் மெதுவாக வெளுக்கின்றன; டிஜிட்டல் சென்சாரில் ஓர் எல்லைக்கு மேல் சட்டென்று வெட்டுப்படும். வெட்டுப்பட்ட விவரம் எந்த மென்பொருளிலும் திரும்பாது. எனவே லாக் அல்லது ரா முறையில், வெளிச்சத்தைக் காப்பாற்றிப் படமெடுக்க வேண்டும். என் கணிப்பில் ஃபிலிம் தோற்றத்தின் பெரும்பங்கு இந்த வளைவுதான். கிரெயினுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

● நெகட்டிவ் குறைந்த கான்ட்ராஸ்ட், பிரிண்ட் அதிக கான்ட்ராஸ்ட். இரண்டும் சேர்ந்ததே திரையில் பார்த்த நிறம். கோடக் 2383 என்பது பிரிண்ட் ஃபிலிம். அதன் பெயரில் கிடைக்கும் லட்கள் (நிறத்தை மாற்றும் அட்டவணைகள்) பெரும்பாலும் லாக் காட்சியை எதிர்பார்ப்பவை. ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏறிய சாதாரண வீடியோ மேல் போட்டால் முகம் கருகும். பலரும் தடுமாறும் இடம் இது.

● கிரெயின்: வெள்ளி ஹாலைடு படிகங்களால் வருவது, பிரேமுக்குப் பிரேம் இடம் மாறும், நடுத்தர ஒளியில் நன்றாகத் தெரியும். டிஜிட்டல் நாய்ஸ் இருளில்தான் மிகும். ஆகவே முதலில் நாய்ஸ் நீக்கம், பிறகு கிரேடிங், அதன் பிறகே கிரெயின். 16 மி.மீ. பிரேம் சிறியது, அதிகம் பெருக்கிக் காட்டுவதால் கிரெயினும் பெரிதாகத் தெரியும்.

● ஏவி1 (2018) வீடியோ முறை கிரெயினை எடுத்துவிட்டுச் சுருக்கி, பார்ப்பவர் கருவியில் மீண்டும் உருவாக்கும் வசதி கொண்டது.

● ஹேலேஷன்: ஒளி எமல்ஷனைத் தாண்டி, பின்புறத்தில் பட்டுத் திரும்புவது. கலர் நெகட்டிவில் சிவப்பு அடுக்கு அடியில் இருப்பதால் விளக்கைச் சுற்றிச் செந்நிற வட்டம் தெரியும். சினிமா நெகட்டிவில் நெடுங்காலம் இருந்த ரெம்ஜெட் கரும்பூச்சின் முக்கிய வேலை இதைத் தடுப்பதே. கிரேடிங்கில் ஹேலேஷனை அளவுக்கு மீறிப் போட வேண்டாம்.

● தூசி, கீறல்: பழைய பிரிண்ட்டின் சேதம், ஃபிலிமின் இயல்பு அல்ல.

● 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' (2000, ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ்): முழுப்படமும் டிஜிட்டலில் கிரேடிங் செய்யப்பட்ட முன்னோடி. 'டியூன்' (2021; ஒளிப்பதிவு கிரெக் ஃப்ரேசர்): டிஜிட்டலில் எடுத்து, 35 மி.மீ. ஃபிலிமில் பதித்து, மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டது.

● பயிற்சி: டாவின்சி ரிசால்வ் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பு உண்டு. வளைவும் நிறமும் பழக அதுவே போதும். தேர்வுக்கு முன் ஒரு லாக் காட்சியையாவது உங்கள் கையால் கிரேடிங் செய்து பாருங்கள்.