ஓதத் தெரிந்த பிள்ளைக்கு ஓட்டல் அரபி

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு கேட்டரிங் படிப்பை நினைக்கும் பிள்ளைகள் உண்டு. துபாய், தோஹா ஓட்டல்களில் வேலை என்பது அவர்களில் பலருடைய ஆசை. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அரபி எழுத்து தெரியும். ஆனால் எழுத்தை ஓதுவது வேறு, விருந்தாளி கேட்பதைப் புரிந்து பதில் சொல்வது வேறு. தொழிலுக்கான சொற்களைக் கற்றால்தான் இந்த இடைவெளி அடையும்.

தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குங்கள்

ஓதிப் பழகிய சொற்களும் அவற்றின் உறவுச் சொற்களும் ஓட்டலில் புழங்குகின்றன.

ஃகுர்ஃபா – அறை
மிஃப்தாஹ் – சாவி
ளைஃப் – விருந்தாளி
ஹிஸாப் – கணக்கு, ஓட்டலில் பில்

ஒரு சொல்லில் கவனம் தேவை. குர்ஆனில் 'லபன்' என்றால் பால். வளைகுடா நாடுகளில் லபன் கேட்டால் மோர். பாலுக்கு அங்கே 'ஹலீப்'. எகிப்துக்காரர் லபன் கேட்டால் அது பால்தான். எனவே சொல்லோடு ஊர் வழக்கையும் படிக்க வேண்டும்.

வேலையோடு சேர்த்துப் பழகுங்கள்

சொற்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் வேலை நேரத்தில் நினைவுக்கு வராது. வரவேற்பு, அறை, சாப்பாட்டு மேசை என்று பிரித்து, தினமும் ஐந்து சொற்களை வாக்கியத்தோடு பேசிப் பார்க்கட்டும். வீட்டில் அத்தா விருந்தாளியாக உட்காரலாம். ஆணிடம் 'தஃபள்ளல்', பெண்ணிடம் 'தஃபள்ளலீ' (வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்) என்பது இப்படித்தான் வாயில் படியும்.

சமையற்கூடத்தில் பிரெஞ்சு

பெரிய ஓட்டல் சமையற்கூடங்களைப் பிரிவு பிரிவாக ஒழுங்குபடுத்தியவர் பிரான்ஸின் எஸ்காஃபியே (1846–1935). அங்கே புழங்கும் சொற்களில் பல பிரெஞ்சு. 'மீஸ் ஆன் பிளாஸ்' என்றால் அடுப்பு பற்றவைக்கும் முன் எல்லாவற்றையும் நறுக்கி, அளந்து, கைக்கெட்ட வைப்பது. தேக்சா ஏற்றுமுன் நம் பிரியாணி பண்டாரி செய்வதும் இதுதான். சர்க்கரைக்கான பிரெஞ்சுச் சொல் 'சுக்ர்', அரபி 'ஸுக்கர்' வழி வந்தது. இப்படி உறவு காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பயம் போகும்.

பெற்றோருக்கு

தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் 1963 முதல் இயங்குகிறது. பட்டப்படிப்பில் சேர அகில இந்திய நுழைவுத்தேர்வு உண்டு. அதற்கு ஆங்கிலமும் வேண்டும். சேர்ந்த பிறகு மொழியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பிளஸ் ஒன்னிலேயே ஒரு நோட்டுப் போட்டு, அரபிச் சொல், தமிழ்ப் பொருள், ஒரு வாக்கியம் என மூன்று பத்தியாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை ஓதிய உஸ்தாதிடம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம்.