காந்த விசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்யும் பிள்ளைகள் பலர் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். இரும்பு போல்ட் ஒன்றில் கம்பியைச் சுற்றி, எதிரே நியோடிமியம் காந்தத்தை வைத்து, மின்சாரம் கொடுத்தால் காந்தம் தள்ளப்படும் என்று காத்திருக்கிறார்கள். பேட்டரியை எந்தப் பக்கம் மாற்றி இணைத்தாலும் காந்தம் போல்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. கம்பி சரியில்லை, பேட்டரி பழசு என்று மனம் உடைகிறார்கள். கம்பியிலும் பேட்டரியிலும் குறையில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நம்பிக்கைகளில்தான் குறை.

நம்பிக்கை: மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் இழுப்பு தள்ளலாக மாறிவிடும்.

உண்மை: இரும்பில்லாத வெறும் கம்பிச்சுருளுக்கு மட்டும் இது முழுக்கப் பொருந்தும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அதிர்வது இதனால்தான். சுருளுக்குள் இரும்பை நுழைத்துவிட்டால் நிலைமை வேறு. இரும்பைப் பிடித்துக்கொள்ள நிலைக்காந்தத்துக்கு மின்சாரமே தேவையில்லை.

சுருள், நிலைக்காந்தம் இரண்டின் பலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 100 சுற்றில் 2 ஆம்பியர் ஓடினால் சுருளின் பலம் 200 ஆம்பியர்-சுற்று. வெறும் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோடிமியம் காந்தமோ 4,500 ஆம்பியர்-சுற்றுக்கும் மேற்பட்ட சுருளுக்குச் சமம். இந்தப் போட்டியில் பிள்ளைகளின் சுருள் எப்படி வெல்லும்?

சுருள் பெரியதாகவே இருக்கட்டும், அப்போதும் கணக்கு வியப்பூட்டும். இரும்பு முகத்தில் ஏற்படும் இழுவிசையை அறிய, காந்தப்புலத்தின் இருமடியைப் பரப்பால் பெருக்கி, வெற்றிட உட்புகுதிறனின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். புலம் 1 டெஸ்லா என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 40 நியூட்டன் வரும், அதாவது 4 கிலோ எடை. நிலைக்காந்தம் தனியாக இடைவெளியில் 0.5 டெஸ்லா தருகிறது, சுருள் 0.2 டெஸ்லா தருகிறது என்று கொள்வோம். மின்சாரம் இல்லாதபோது சதுர சென்டிமீட்டருக்கு இழுப்பு 1 கிலோ. இரண்டு புலங்களும் ஒரே திசையில் சேர்ந்தால் 2 கிலோ. எதிர்த்திசையில் விட்டால் 0.37 கிலோவுக்குக் குறையுமே தவிர, அதுவும் இழுப்புதான்! சுருளின் புலம் காந்தத்தின் புலத்தை முழுதாக ஈடுகட்டும்வரை தள்ளலைப் பற்றிப் பேச்சே இல்லை.

தொழிற்சாலைகள் இதையே நன்மையாக்கிக்கொண்டன. இரும்புத் தகடுகளைத் தூக்கும் ஒருவகைக் காந்தத் தூக்கிகளில் பாரத்தைப் பிடித்திருப்பது நிலைக்காந்தம். மின்சாரம் பிடியைப் போடவும் விடவும் மட்டுமே. நடுவில் கரண்ட் போனாலும் பாரம் கீழே விழாது. மாணவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இரும்பின் மீதான இழுப்பு தூரத்தோடு மிக வேகமாகத் தேய்வதால், காந்தத்தைச் சற்று விலக்கி வைத்து, சுருளின் பலத்தையும் கூட்டினால் தள்ளலைக் காணலாம். போல்டை உருவிவிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நம்பிக்கை: தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகும்.

உண்மை: பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் எதிர்த்தகவு இருமடி விதி தவறானதல்ல. ஆனால் அது இரண்டு துருவங்களுக்கு இடையிலான விதி. இரண்டு காந்தங்களுக்கு இடையிலானது அல்ல. 1780-களில் கூலூம் தமது முறுக்குத் தராசில் நீளமான மெல்லிய காந்தங்களை வைத்தார். மறுமுனைத் துருவங்கள் தொலைவில் இருந்ததால் குறுக்கிடவில்லை. நம் கையில் இருக்கும் வட்டக் காந்தத்தில் இரண்டு துருவங்களும் சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன. ஒன்று இழுக்க, மற்றது ஏறக்குறைய அதே அளவு தள்ள, மிஞ்சும் வித்தியாசமே நமக்குக் கிடைக்கும் விசை. அப்படிப்பட்ட இரு காந்தங்கள் நேருக்கு நேராக, தம் அளவைப் போலப் பல மடங்கு தூரத்தில் இருந்தால், தூரம் இரட்டிக்கும்போது விசை 16-ல் ஒரு பங்காகிவிடும். மிக அருகில் வந்தால் இந்த விதியும் செல்லாது. ஒட்டும் நிலையில் விசை முடிவிலிக்குப் போகாமல் ஓர் அளவோடு நின்றுவிடும். இந்த நிபந்தனைகளைச் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை: மின்னோட்டத்தை இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும்.

உண்மை: நிலைக்காந்தத்துக்கு எதிரே இரும்பில்லாச் சுருள் என்றால் சரி. மின்காந்தம் சாதாரண இரும்புத் துண்டை இழுத்தால் விசை நான்கு மடங்காகும். புலம் 2 டெஸ்லாவை நெருங்கும்போது இரும்பு தெவிட்டிவிடும். அதற்குமேல் ஏற்றும் மின்னோட்டத்துக்குப் பெரிய பலன் இல்லை. சுருளின் சூடு மட்டும் எல்லா நிலையிலும் நான்கு மடங்கு.

நம்பிக்கை: பெட்டியில் 10 கிலோ என்று போட்டிருந்தால் 10 கிலோ தாங்கும்.

உண்மை: தடிமனான, வழவழப்பான இரும்பில் முழுதாக ஒட்டியிருக்கும்போது, நேராக இழுத்து அளந்த எண் அது. பெயின்ட் பூச்சும் மெல்லிய தகடும் அதை வெகுவாகக் குறைக்கும். செங்குத்துச் சுவரில் ஒட்டினால் அதற்கு வெகு முன்பே சறுக்கிவிடும். 1831-ல் ஜோசப் ஹென்றி, யேல் கல்லூரிக்காகச் செய்த மின்காந்தத்தால் 900 கிலோவுக்கும் மேல் தூக்கிக் காட்டியபோது, இரும்பும் இரும்பும் நெருங்கிப் பொருந்தியிருந்தன. மொத்தம் 1 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வந்தாலே, 1 டெஸ்லாவைத் தக்கவைக்க அந்த இடைவெளிக்கென்று மட்டும் ஏறத்தாழ 800 ஆம்பியர்-சுற்று செலவாகும்.

மாணவர்களே, சுருள்வில் தராசு ஒன்றைக் காந்தத்தோடு கட்டுங்கள். காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒவ்வொரு தாளாகச் சேர்த்து, எத்தனை தாளுக்கு எவ்வளவு இழுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். எஃப்.இ.எம்.எம். என்ற இலவச மென்பொருளில் அதே அளவுகளைக் கொடுத்தால் கணக்கிட்ட விசையும் கிடைக்கும். இரண்டையும் அட்டவணையாக எழுதி, கண்காட்சியில் உங்கள் மாதிரிக்குப் பக்கத்தில் வையுங்கள்.