முக்கோணமும் திருக்கோணமலையும்

நமது ஊர்ப்பெயருக்குப் பொருள் யாதென மாணவரை வினவின், "மூன்று கோணமுடைய மலை" என விடையிறுப்போர் பலர். அவ்விடை பொருந்துமா என்பதை இலக்கணங் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் 'முக்கோண' என்னும் அடைமொழியை நோக்குக. மூன்று என்னும் எண்ணுப்பெயர் பிறபெயரோடு புணருங்கால் இறுதி கெட்டு, முதல் குறுகி, 'மு' என நிற்கும். வருமொழி வல்லினம் மிகும். முக்கனி, முத்தமிழ், முப்பால் என்பன போல முக்கோணம் என்றாயிற்று. அது மற்றொரு பெயருக்கு அடையாகுங்கால் ஈற்று மகரம் கெடும்: முக்கோண வடிவு. வல்லினம் வரின் மிகும்: முக்கோணக் கல், வட்டக் கிணறு, சதுரப் பலகை. 'முக்கோண கல்' என எழுதுதல் வழுவாம். 'முக்கோணமான கல்' என்புழி, 'ஆன' என்பது பெயரெச்சமாதலின் மிகாது.

திரிகோணம் என்பதோ வடசொல். 'திரி' அம்மொழியில் மூன்றைக் குறிக்கும். ஆண்டு ககரம் மிகாது. திரிபுரம், திரிசூலம் என்பனவும் அன்ன.

நம் ஊர்ப்பெயரில் நிற்பது 'திரி' அன்று, 'திரு' என்னும் சிறப்புச்சொல். திருக்குறள், திருக்கோயில் என்பன போலக் கோணமலை திருக்கோணமலை ஆயிற்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைக் கோணமாமலை என்றே பாடினார். அங்கு எண்ணுச்சொல் இல்லை. மேனாட்டார் நாவில் இப்பெயர் 'திரிங்கோமலி' எனத் திரிந்தமை மயக்கத்தை மிகுவித்தது போலும்.

இனி, 'கோண' என்பதன் பொருள் யாது? கோணம் என்பது மூலை. கோணு, கோணல் என்பன வளைதலை உணர்த்தும். கடலுட் புகுந்து நிற்கும் சுவாமிமலைக்கு இப்பொருள் இயைவதே. மகாவமிசம் கூறும் 'கோகண்ணம்', அதாவது பசுவின் செவி எனப் பொருள்படும் கோகர்ணம், கோணமெனத் திரிந்தது என்பாரும் உளர். இரண்டனுள் எதனைக் கொள்ளினும் மூன்றென்னும் எண்ணுக்கு இடமில்லை.

இன்று ககரவொற்றின்றித் 'திருகோணமலை' என எழுதும் வழக்கு அரசாங்கப் பலகைகளிலும் பத்திரிகைகளிலும் மிக்குளது. அங்ஙனம் எழுதின், முறுக்குதலைக் குறிக்கும் 'திருகு' என்னும் சொல்லே முன்வந்து நிற்கும். ஓர் ஒற்று நீங்கத் திருவும் உடன் நீங்குதல் காண்க.

17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை எடுத்தனர். கற்களை இழந்தோம், பெயரை இழந்திலோம். மாணவர்காள், பழைய மாணவர்காள், கடிதத்தின் தலைப்பில் ஊர்ப்பெயர் எழுதும்போதெல்லாம் அவ்வோர் ஒற்றையும் இழவாது எழுதுவீராக.