உணவு இருந்தும் மெலியும் பிள்ளைகள்



ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் மெலிந்துபோன ஒரு பெண்பிள்ளையைக் கண்டால், வறுமை, இரத்தசோகை, காசநோய் என்றே நம் எண்ணம் ஓடும். அது தவறல்ல. ஆயினும் வீட்டில் களியும் சோறும் குறைவின்றி இருக்க, பிள்ளை மட்டும் உண்ண மறுத்து எலும்பும் தோலுமாவதும் உண்டு. மருத்துவர்கள் இதனை அனோரெக்ஸியா நெர்வோசா என்பர். மனநோய்களுள் அதிக உயிர்களைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று. ஆகவே இதைக் குறித்து நாம் அறிந்திருப்பது அவசியம்.

நோயின் முகம்

1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லாசேக் ஆகிய மருத்துவர்கள் இந்நோயைத் தனித்தனியே விவரித்தார்கள். பெயரின் பொருள் "பசியின்மை". ஆனால் தொடக்கத்தில் பசி இருக்கவே செய்கிறது. நோயுற்றவர் அதை அடக்கிக்கொள்கிறார்.

மேலைநாடுகளில் "பருத்துவிடுவேன்" என்ற அச்சமே இதன் முக்கிய அடையாளம். நம் நாட்டில் அது பலரிடம் வெளிப்படுவதில்லை. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் 1995-இல் 5 இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் உண்ண மறுத்தார்கள், ஓயாமல் வாந்தியெடுத்தார்கள், மிகவும் மெலிந்தார்கள். ஆனால் தங்களைப் பருமனானவர்களாக அவர்கள் எண்ணவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் 2007-ஆம் ஆண்டு ஆய்வில், உணவுக் கோளாறுள்ள 41 பிள்ளைகளில் 35 பேருக்கு மனக்காரணத்தால் வரும் வாந்தியும், 6 பேருக்கு அனோரெக்ஸியாவும் காணப்பட்டன.

எனவே நம் பிள்ளை "வயிறு உப்புசமாக இருக்கிறது", "சாப்பாடு இறங்கவில்லை" என்று மட்டுமே சொல்லக்கூடும். வீட்டாரும் வாயுத்தொல்லை என்று எண்ணி மாதங்களைக் கடத்திவிடுவார்கள்.

காரணங்கள்

இதற்கு ஒரே காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. பரம்பரைக்கும் பங்குண்டு. எதிலும் குறைவரக் கூடாதென்று தன்னையே வருத்திக்கொள்ளும் சுபாவமும், எளிதில் கலங்கும் மனமும் உள்ளவர்களை இந்நோய் அதிகம் பற்றுகிறது. கேலிப்பேச்சு, தேர்வு பயம், உடல் இளைக்க மேற்கொள்ளும் பட்டினி, பிரிவுத்துயர் ஆகியவை தூண்டுகோலாகலாம். கல்லூரி விடுதியிலோ தொழிற்சாலை விடுதியிலோ தங்கும் பிள்ளையின் தட்டை எவரும் கவனிப்பதில்லை. நோய் அங்கே எளிதில் மறைந்திருக்கும். பெற்றோரின் வளர்ப்பே காரணம் என்று பழிசுமத்துவது நியாயமல்ல.

உபவாசத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளலாகாது. உபவாசத்துக்கு முடிவுநாள் உண்டு; அது முடிந்ததும் மகிழ்ச்சியோடு உண்கிறோம். இந்நோயிலோ முடிவுநாள் தள்ளிக்கொண்டே போகிறது. சியெனா நகரத்துக் கத்தரீனாள் கடும் உணவொறுத்தலால் நலிந்து 1380-இல் 33-ஆம் வயதில் மரித்தார் என்பதைச் சரித்திரம் சொல்கிறது.

விளைவுகள்

இருதயத் துடிப்பு குறைகிறது. உடல் குளிர்ந்துபோகிறது. மாதவிலக்கு நின்றுவிடுகிறது. எலும்புகள் பலமிழக்கின்றன. வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இருதயம் திடீரென நின்றுவிடலாம். இரைப்பையின் வேகமும் குறைவதால் நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்ததுபோல் தோன்றும். ஆகவே "வயிறு நிறைந்துவிட்டது" என்று பிள்ளை சொல்வது பொய்யல்ல.

மனதையும் பட்டினி மாற்றுகிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், மனசாட்சியினிமித்தம் போர்முனைக்குச் செல்ல மறுத்த ஆரோக்கியமான வாலிபர் 36 பேர், போரில் பட்டினியால் வாடுவோருக்கு உதவும் ஆராய்ச்சிக்காகச் சுமார் ஆறு மாதம் அரைவயிறு உண்ண முன்வந்தார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்தது. கூடவே சோர்வும் எரிச்சலும் வந்தன. நண்பரை விட்டு விலகினார்கள். இரவும் பகலும் உணவையே நினைத்தார்கள். நாம் பிடிவாதம் என்று கண்டிக்கும் குணங்களில் பல, பட்டினி உண்டாக்கியவையே.

நாம் செய்யத்தக்கவை

எடை குறைதல், மாதவிலக்கு நிற்றல், பிறரோடு உண்ண மறுத்தல், உண்டதும் குளியலறைக்கு ஓடுதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். காசநோய், தைராய்டு, நீரிழிவு உள்ளனவா என்று மருத்துவர் முதலில் சோதிக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுவது உயிருக்கே ஆபத்து. மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

மருந்தைவிட இங்கே முக்கியமானது உணவும், பக்கத்தில் அமரும் குடும்பமுமே. வேலூர் பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி சிகிச்சையில் பங்கேற்றார்கள். இன்று வளரிளம் பிள்ளைகளுக்கான அனோரெக்ஸியா சிகிச்சையிலும் பெற்றோருக்கே முதலிடம்.

பெங்களூரில் ஓசூர்ச் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ளது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலும் இலவசமாக ஆலோசனை பெறலாம். உங்கள் சபையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் "சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிக் கடந்துபோகாதீர்கள். தாயாரோடு பேசுங்கள், மருத்துவரிடம் செல்லத் துணையாகப் போங்கள்.