வணிகக் கப்பலும் கடற்கொள்ளையரும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கடற்கொள்ளையர் என்றவுடன் ஒற்றைக் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்து, தோளில் கிளியுடன் நிற்கும் கதைப்புத்தகத்து மனிதர்தாம் நம் நினைவுக்கு வருகிறார். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். தூத்துக்குடிப் பிள்ளைகளாகிய எங்களுக்குக் கப்பல் புதிதன்று. எங்கள் வகுப்பிலேயே தந்தையோ தமையனோ கப்பலில் பணிபுரியும் தோழியர் நால்வர் உள்ளனர். அவர்களுள் ஒருத்தியின் தந்தை விடுமுறையில் வந்திருந்தபோது கேட்டறிந்தவற்றையும், பின்னர் நூலகத்தில் படித்தவற்றையும் இங்கே தருகிறோம்.

ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் உள்ளது சோமாலியா. அதன் வடக்கே ஏடன் வளைகுடா. சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் இவ்வளைகுடாவைக் கடந்தே ஆக வேண்டும். 1991 இல் சோமாலியாவின் அரசு கவிழ்ந்தது. காவலற்ற அக்கரையிலிருந்து கொள்ளையர் புறப்பட்டனர். 2008 முதல் 2012 வரை அவர்கள் கை ஓங்கியிருந்தது. அவர்களுக்குச் சரக்கு பெரிதன்று. கப்பலையும் மாலுமிகளையும் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பதே அவர்கள் தொழில்.

2010 செப்டம்பரில் 'அஸ்பால்ட் வெஞ்சர்' என்ற கப்பலைப் பிடித்தனர். அதில் இந்திய மாலுமிகள் 15 பேர். 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. ஆயினும் 8 பேரைத்தான் விட்டனர். இந்தியாவில் சிறைப்பட்டிருக்கும் தம் கூட்டாளிகளை விடுவித்தால்தான் மற்ற 7 பேரையும் விடுவோம் என்றனர். அந்த எழுவரும் விடுதலை பெற 2014 அக்டோபர் ஆயிற்று. "அப்பா போனபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அவர் வரும்போது பத்தாம் வகுப்புக்கு வந்திருக்கும்" என்று எங்களுள் ஒருத்தி கணக்கிட்டுச் சொன்னாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இத்தகையோரிடமிருந்து கப்பலைக் காப்பது எவ்வாறு? கொள்ளையர் சிறு விசைப்படகில் விரைந்து வந்து, கொக்கி பொருத்திய ஏணியைக் கப்பலின் பக்கத்தில் மாட்டி ஏறுவர். ஆகவே வேகமே முதற் காவல். 18 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 33 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் சென்ற கப்பலில் கொள்ளையர் ஏறியதாகச் செய்தி இல்லை என்று கப்பல் துறையினர் 2011 இல் வெளியிட்ட கையேடு கூறியது. ஆனால் பாரம் ஏற்றிய கப்பல்கள் பலவற்றுக்கு அந்த வேகம் இல்லை. போதாக்குறைக்கு அவை நீரில் அமிழ்ந்தும் செல்கின்றன. எனவே விளிம்பைச் சுற்றிலும் முள்கம்பிச் சுருள் கட்டுகிறார்கள். தீயணைப்புக் குழாய்களைத் திறந்து வெளிப்புறமாக நீரைப் பீய்ச்சுகிறார்கள். பழைய உடுப்பில் துணியைத் திணித்துப் பொம்மை செய்து, காவலுக்கு ஆள் நிற்பதுபோல் மேல்தளத்தில் நிறுத்துவதும் உண்டாம். நம் ஊர்ச் சோளக்கொல்லைப் பொம்மை கடலுக்கும் போயிருக்கிறது!

2008 அக்டோபரிலிருந்து இந்தியக் கடற்படையும் ஏடன் வளைகுடாவில் ரோந்து சுற்றுகிறது. எனினும் போர்க்கப்பல் வந்து சேரும்வரை மாலுமிகள் என்ன செய்வது? இதற்கு விடைதான் காப்பறை. கப்பலின் உட்பகுதியில், பெரும்பாலும் இயந்திர அறையை ஒட்டி, தடித்த இரும்புக் கதவுடன் ஓர் அறையைத் தயாராக வைத்திருப்பர். உணவு, குடிநீர், வெளியுலகுடன் பேசத் தொலைபேசி எல்லாம் அங்கே இருக்கும். கொள்ளையர் ஏறிவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்வர். 2024 சனவரியில் 'லீலா நார்போக்' கப்பலில் நடந்தது இதுவே. 15 இந்தியர் உள்ளிட்ட 21 பேர் காப்பறையில் இருந்தனர். 'ஐ.என்.எஸ். சென்னை' விரைந்து சென்றது. நம் வீரர்கள் கப்பலில் ஏறியபோது கொள்ளையர் ஒருவரும் அங்கில்லை. 21 பேரும் நலமாக வெளியே வந்தனர். ஆனால் ஒன்று. ஒரே ஒருவர் வெளியே அகப்பட்டுக்கொண்டாலும் காப்பறையால் பயனில்லை. அவர் கழுத்தில் கத்தி வைத்தால் கதவு திறந்துதானே ஆக வேண்டும்? அதனால்தான் ஆட்களை எண்ணிப் பார்த்து உள்ளே போவதை அடிக்கடி ஒத்திகை பார்க்கிறார்கள்.

"துப்பாக்கிக் காவலரை நிறுத்தினால் போதாதா, மாமா?" என்று கேட்டோம். நிறுத்துகிறார்கள், பலனும் உண்டு. ஆனால் 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் 'என்ரிக்கா லெக்சி' என்ற இத்தாலியக் கப்பலில் காவல் நின்ற அந்நாட்டுப் படைவீரர்கள், மீன்பிடிப் படகு ஒன்றைக் கொள்ளையர் படகு என்று எண்ணிச் சுட்டதில் மீனவர் இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். இழப்பீடாக 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கும் எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது வாக்குவாதமே எழுந்தது. காவலர் வேண்டும் என்றனர் மாலுமி வீட்டுப் பிள்ளைகள். எங்கள் அப்பாமார் படகை யார் அடையாளம் காண்பது என்றனர் மற்றவர்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது.

தோழியின் தந்தையிடமே இதைக் கேட்டோம். வலை அறுபடாமல் காக்க மீனவர்கள் கப்பலை நோக்கிப் படகைத் திருப்புவதுண்டு, அதைப் பார்த்ததும் பதறக்கூடாது என்றார். "தொலைநோக்கியை எடுத்து ஏணி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம், பிள்ளைகளா. மீன்பிடிக்கப் போகிறவனுக்கு ஏணி எதற்கு?"