அறநெறி வகுப்பில் ஆர்வம் பிறப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இலங்கையில் ஞாயிறு காலையில் வெண்ணிற உடை அணிந்த பௌத்தச் சிறுவர் சிறுமியர் விகாரைகளை நோக்கிச் செல்வதைக் காணலாம். ‘தஹம் பாசல’ எனப்படும் அறநெறிப் பாடசாலைகள் அங்கே நடைபெறுகின்றன. 1880-இல் அங்கு வந்த கர்னல் ஆல்காட் தூண்டிய பௌத்தக் கல்வி எழுச்சியும், 1898-இல் கொழும்பில் தோன்றிய இளம் பௌத்தர் சங்கமும் இவ்வகுப்புகள் வளரத் துணை நின்றன.

சிறு வயதில் விரும்பி வரும் பிள்ளைகளை, க.பொ.த. சாதாரண தரத் தேர்வு நெருங்கும் வயதில் ஞாயிறு தனிப்பயிற்சி வகுப்புகள் இழுத்துக்கொள்கின்றன. எனவே ஞாயிறு காலையில் தனிப்பயிற்சியைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை அங்கு அடிக்கடி எழுகிறது. தடை நேரத்தைத் தரும், ஆர்வத்தைத் தருமா?

ஆர்வத்திற்கு முதற் காரணம் வீடு. எழுத்தறியாத வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த என் போன்றோர் இதனை நன்கு அறிவர். பாடத்தை விளக்கப் பெற்றோரால் இயலாது போகலாம்; “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்க இயலும். அக்கேள்வியே பிள்ளைக்கு ஊக்கம்.

இரண்டாவது காரணம் ஆசிரியர். அங்குக் கற்பிப்போர் பலர் தொண்டு உள்ளத்தோடு வருபவர்கள். பொறுமையைப் பற்றிப் பாடம் சொல்பவர் பொறுமை இழந்தால், மாணவன் எதைக் கற்பான்?

மூன்றாவது, கற்பிக்கும் முறை. பொருள் தெரியாமல் பாலிச் செய்யுளை மனப்பாடம் செய்வது சுமை. சாதகக் கதையோ, வெசாக் நாளுக்குக் கூடு கட்டும் வேலையோ அப்படியல்ல. மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தது தேர்வோடு போய்விடும்.

இதற்கு வழிகாட்டி புத்தரே. இறந்த மகவை ஏந்தி வந்த கிசா கோதமிக்கு அவர் நிலையாமை பற்றிச் சொற்பொழிவாற்றவில்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவரச் சொன்னார். வீடு வீடாக நடந்து அவளே உண்மையைக் கண்டாள். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்து அறிவதும் இம்முறையே அன்றோ?

நம் மணிமேகலையும் பல சமயத்தார் கூறுவனவற்றைக் கேட்டுத் தெளிந்த பின்னரே அறவண அடிகளிடம் அறம் கேட்டாள். கேள்வி கேட்க இடமளிக்கும் வகுப்பில் மாணவன் தானே வந்து அமர்வான். வருகைப் பதிவேடு அவனை உட்கார வைக்கலாம், கேட்க வைக்காது.