மெய்நிகர் சாலை கற்றுத்தரும் பாடம்

சாலையை எப்படிக் கடக்க வேண்டும் என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தைகூட, “முதலில் வலப்பக்கம் பார்க்கணும், அப்புறம் இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம்” என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடும். நாமும் முழு மதிப்பெண் கொடுத்துவிடுவோம். பள்ளி விட்டதும் எதிர்ப்புறம் ஐஸ் வண்டி நிற்பதைக் கண்டால் அதே குழந்தை குறுக்கே ஓடும். விடை தெரிந்திருப்பது ஒரு திறன். அந்த நொடியில் சரியான முடிவெடுத்து, அதன்படி உடலை இயக்குவது இன்னொரு திறன். முதலாவதை அளக்க நம்மிடம் வினாத்தாள் இருக்கிறது. இரண்டாவதை எதைக் கொண்டு அளப்பது?

அறிவியல் ஆசிரியராகவும் சாலைப் பாதுகாப்பு மன்றப் பொறுப்பாசிரியராகவும் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. விடை தேடிப் படித்தபோது, மெய்நிகர் சூழல்களைக் கொண்டு மனிதர்களின் முடிவெடுத்தலையும் உணர்ச்சியையும் ஆராயும் துறை அறிமுகமானது. அதில் நம் வகுப்பறைக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே பகிர்கிறேன்.

உடல் நம்பும் உலகம்

தலையில் மாட்டும் காட்சிக் கருவியாலோ, நம்மைச் சுற்றி வைக்கப்பட்ட பெரிய திரைகளாலோ உருவாக்கப்படும் முப்பரிமாண உலகமே மெய்நிகர் சூழல். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். குனிந்தால் தரை அருகில் வரும். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான மெல் ஸ்லேட்டர், இதில் இரண்டு மாயைகள் சேர்ந்து வேலை செய்கின்றன என்று 2009இல் விளக்கினார். ‘நான் அந்த இடத்தில் இருக்கிறேன்’ என்ற உணர்வு ஒன்று. ‘இங்கே நடப்பது உண்மையாகவே நடக்கிறது’ என்ற உணர்வு மற்றொன்று. இவை இரண்டும் கூடிவந்தால், பொய்க்காட்சி என்று அறிந்திருந்தும் மனிதர்கள் உண்மைக்கு நடந்துகொள்வதைப் போலவே நடந்துகொள்கிறார்கள்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருவியை மாட்டிக்கொண்டவர் முன் தரையே இல்லாத ஓர் அறை தோன்றும். கீழே ஆழமான பள்ளம். அவர் நிற்பதோ ஆய்வகத்தின் சமதரையில்; அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இதயத்துடிப்பு கூடியது. பள்ளத்தின் விளிம்பு தோன்றும் இடத்தில் ஒன்றரை அங்குல உயரமுள்ள மரப்பலகையை உண்மையாகவே வைத்துக் காலுக்கு அது தட்டுப்படச் செய்தபோது துடிப்பு மேலும் கூடியது. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று அறிவு சொன்னதை உடல் கேட்கவில்லை.

ஏன் மெய்நிகர் தேவைப்பட்டது?

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வு உளவியலில் மிகவும் பேசப்பட்ட ஒன்று. கற்றல் சோதனை என்று சொல்லி, அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்குமாறு பங்கேற்பாளரிடம் ஆய்வாளர் சொல்வார். தவறுக்குத் தவறு அளவு ஏறும். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. பங்கேற்றவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர், கட்டளைக்குப் பணிந்து கடைசி அளவான 450 வோல்ட் வரை சென்றனர். பலர் வியர்த்தார்கள், நடுங்கினார்கள். மனிதர்களை ஏமாற்றி இவ்வளவு வேதனைக்கு உள்ளாக்கலாமா என்ற கண்டனம் எழுந்தது. அதன்பின் இத்தகைய ஆய்வை முழு வடிவில் திரும்பச் செய்வது ஏறத்தாழ இயலாததாயிற்று.

2006இல் ஸ்லேட்டரும் அவருடைய குழுவினரும் இலண்டனில் இதே சூழலைக் கணினி உருவாக்கிய ஒரு பெண் உருவத்தைக் கொண்டு அமைத்தனர். இம்முறை யாரையும் ஏமாற்றவில்லை. அந்தப் பெண் வெறும் கணினி உருவம் என்பது 34 பங்கேற்பாளர்களுக்கும் தெரியும். 23 பேர் அவரைப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. மற்ற 11 பேர் எழுத்துச் செய்தி வழியாக மட்டுமே தொடர்புகொண்டனர். எழுத்து வழியில் பங்கேற்ற 11 பேரும் 20 அதிர்ச்சிகளையும் கொடுத்து முடித்தனர். பார்த்தும் கேட்டும் பங்கேற்ற 23 பேரில் 6 பேர் இடையிலேயே நிறுத்திவிட்டனர். தொடர்ந்தவர்களின் உடலிலும் பதற்றத்தின் அறிகுறிகள் பதிவாயின. எதிரில் ஒரு முகம் தெரிவதே முடிவை மாற்றக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

தாளில் ஒன்று, களத்தில் ஒன்று

மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் 1967இல் எழுப்பிய ஒரு சிக்கலிலிருந்து வளர்ந்த கேள்வி இது: கட்டுப்பாடிழந்த வண்டி ஒன்று தண்டவாளத்தில் நிற்கும் ஐந்து பேரை நோக்கி வருகிறது. நெம்புகோலை இழுத்தால் வண்டி வேறு பாதையில் திரும்பும்; அங்கே நிற்கும் ஒருவர் இறப்பார். இழுப்பீர்களா? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மெய்நிகர் காட்சியாக்கி 2012இல் வெளியிட்டனர். 147 பேரில் 133 பேர் நெம்புகோலை இழுத்தனர். உணர்ச்சிக் கிளர்ச்சி அதிகமாக இருந்தவர்கள் இழுப்பது குறைவாக இருந்தது. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், இத்தகைய சிக்கல்களை எழுத்தில் படித்துச் சொன்ன விடையும் மெய்நிகர் சூழலில் எடுத்த முடிவும் வேறுபட்டன. பலரைக் காக்க ஒருவரை இழக்கும் முடிவு, தாளைவிட மெய்நிகர் சூழலில் அதிகமாக எடுக்கப்பட்டது.

எது சரியான முடிவு என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கேள்வித்தாளில் கிடைக்கும் விடையை வைத்து ஒருவர் களத்தில் என்ன செய்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே ஆசிரியர்களாகிய நமக்கு முக்கியமான செய்தி.

மிதிவண்டியில் குழந்தைகள்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது, அயோவா பல்கலைக்கழகத்தின் ஜோடி ப்ளூமெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. நகராத ஒரு சட்டத்தில் உண்மையான மிதிவண்டி பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றிப் பெரிய திரைகள். மிதித்தால் தெரு நகரும். 10 வயதினர், 12 வயதினர், பெரியவர்கள் என மூன்று பிரிவினர், குறுக்கே கார்கள் ஓடிக்கொண்டிருக்கும் சந்திப்புகளைக் கடக்க வேண்டும். உண்மைச் சாலையில் குழந்தைகளை வைத்து இப்படி ஓர் ஆய்வை யாராலும் செய்ய முடியாது.

குழந்தைகள் அவசரப்பட்டுச் சிறிய இடைவெளியில் புகுந்துவிடுவார்கள் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் இரு கார்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருந்தால் கடக்கலாம் என்ற தேர்வில், குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே மாதிரி இருந்தனர். வேறுபாடு அதன் பிறகு தெரிந்தது. குழந்தைகள் புறப்படத் தாமதித்தனர்; சாலையை எட்டவும் அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். அதனால் அவர்கள் மறுபுறம் சேரும்போது, அடுத்த கார் வந்து சேர மிச்சமிருந்த நேரம் பெரியவர்களுக்கு இருந்ததைவிடக் குறைவு.

இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது கண்ணும் மனமும் செய்யும் வேலை. அந்த இடைவெளிக்குள் உடலை உரிய நேரத்தில் நுழைப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். 12 வயதிலும் அது முழுமை அடைவதில்லை. ஆகவே ‘பார்த்துப் போ’ என்று சொன்னால் மட்டும் போதாது. ‘பெரியவர்கள் கடக்கும் இடைவெளி உனக்குப் போதாது; அதைவிடப் பெரிய இடைவெளிக்குக் காத்திரு’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் வண்டிக்குப் பின்னால் தன் மிதிவண்டியில் வரும் குழந்தைக்கு இந்த ஒரு வாக்கியம் உயிர்காக்கும். பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்லலாம்.

கருவி இல்லாமல் செய்யும் செயல்பாடு

மெய்நிகர்க் கருவி நம் பள்ளியில் இல்லையே என்று தயங்க வேண்டாம். பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் லீயும் உடன் ஆய்வாளர்களும் 1984இலேயே, உண்மைச் சாலைக்கு இணையாக ஒரு பாவனைச் சாலையை அமைத்தனர். உண்மைச் சாலையில் வரும் வண்டிகள் பாவனைச் சாலையில் வருவதாக எண்ணிக்கொண்டு குழந்தைகள் கடந்தனர். தவறினாலும் ஆபத்தில்லை. இதைப் பள்ளி விளையாட்டுத் திடலுக்குள் மாற்றி அமைத்து ஏழாம் வகுப்பு மாணவர்களுடன் செய்துவருகிறேன்.

1. திடலில் சுண்ணாம்புப் பொடியால் இரண்டு இணைப்பாதைகளை வரையுங்கள். அவற்றுக்கு இடையே ஐந்து மீட்டராவது இடம் இருக்கட்டும். முதல் பாதையில் மட்டும் மிதிவண்டிகள் ஓடும். இரண்டாம் பாதை காலியாக இருக்கும். இரு பாதைகளையும் குறுக்கே வெட்டும் ஒரு நேர்க்கோடு கடக்கும் இடத்தைக் காட்டும்.

2. முதலில் வகுப்பறையில், ‘எப்போது கடப்பாய்?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

3. பிறகு மூன்று மாணவர்கள் வெவ்வேறு இடைவெளிகளில் முதல் பாதையில் மெதுவாக மிதிவண்டி ஓட்ட, மற்றவர்கள் ஒவ்வொருவராக இரண்டாம் பாதையைக் கடக்கட்டும். வண்டிகள் தம் பாதையிலேயே வருவதாக அவர்கள் எண்ணிக்கொள்ள வேண்டும்.

4. மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தார், முன்வண்டி கோட்டைத் தாண்டிய எத்தனை நொடிகளில் முதல் அடி வைத்தார், அடுத்த வண்டி கோட்டைத் தொடுமுன் மறுபுறம் சேர்ந்தாரா?

5. அடுத்த சுற்றில் எதிர்ப்புறமிருந்து நண்பர் ஒருவர் “சீக்கிரம் வாடா!” என்று கூப்பிடட்டும். கடந்து முடித்ததும் நாடித்துடிப்பை 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்கி எழுதச் சொல்லுங்கள்.

விடைத்தாளில் விதியை அழகாக எழுதியவர்களும் முதல் அடி வைக்கத் தயங்குவதையும், நண்பன் கூப்பிட்டதும் வலப்பக்கம் பார்க்காமலே இறங்குவதையும் மாணவர்கள் தாங்களே கண்டு சொல்கிறார்கள். அதன்பின் நடக்கும் உரையாடல்தான் பாடம். “கூப்பிட்டபோது மனசுக்குள் என்ன தோன்றியது?”, “நிற்கலாமா போகலாமா என்று தடுமாறியபோது உடம்பு எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். நேரம், வேகம், தூரம் பற்றிய அறிவியல் பாடமும், நாடித்துடிப்பும், உணர்ச்சியை அடையாளம் காணும் வாழ்வியல் திறனும் ஒரே வகுப்பில் கைகூடும். யாரையும் கேலி செய்யவோ, பெயர் சொல்லி ஒப்பிடவோ இடம் கொடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

வருங்காலத்தில் மெய்நிகர்க் கருவிகள் நம் பள்ளிகளுக்கும் வரலாம். அப்போது நினைவில் கொள்ள ஓர் ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் காத்ரின் செகோவியாவும் ஜெரமி பெய்லன்சனும் 2009இல் வெளியிட்டது அது. திமிங்கிலங்களோடு நீந்துவதுபோன்ற காட்சியை மெய்நிகர் சூழலில் கண்ட தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் பலர், சில நாள்கள் கழித்துக் கேட்டபோது உண்மையாகவே நீந்தியதாக நம்பினர். கண்ணால் கண்டதையும் கற்பனையில் கண்டதையும் பிரித்தறியும் திறன் அந்த வயதில் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கருவித் தயாரிப்பாளர்களே வயது வரம்பு விதிப்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே சிறு குழந்தைகளுக்கு விபத்து, தீ, வெள்ளம் போன்ற அச்சமூட்டும் காட்சிகளைக் காட்டக் கூடாது. பெரிய வகுப்புகளிலும் முன்கூட்டியே விளக்கிப் பெற்றோரின் இசைவையும் மாணவரின் விருப்பத்தையும் பெற வேண்டும். ‘போதும்’ என்று மாணவர் சொன்ன உடனே நிறுத்த வேண்டும். முடிந்தபின் அமர்ந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். காட்சி பொய்யானாலும் அதில் எழும் அச்சம் பொய்யல்ல என்பதைத்தான் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் காட்டுகின்றன.

சாலைப் பாதுகாப்பு மட்டுமல்ல, தீ விபத்தில் வெளியேறுதல், கிண்டலுக்கு ஆளாகும் தோழருக்குத் துணைநிற்றல், தெரியாதவர் அழைத்தால் மறுத்தல் என நாம் கற்பிக்கும் பல பாடங்கள் களத்தில்தான் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றையாவது இந்தப் பருவத்தில் எழுத்து விடையோடு நிறுத்தாமல், பாதுகாப்பான பாவனைச் சூழலில் செய்து பார்க்க வைப்போம். குழந்தை தயங்கும் இடத்தை நாம் கண்டுகொண்டால், பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.